1/48 மிக்-21 பிஸ்: ரெசின் காக்பிட், நாசில், சக்கரங்கள் பொருத்திய நிகழ்வு ஆய்வு

மிக்-21 பிஸ் போர் விமானத்தை 48ல் ஒரு பங்கு அளவில் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட்டில், தனியாக வாங்கிய ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களைப் பொருத்திய வேலை இது. ரெசினில் வார்த்த காக்பிட் (விமானி அறை) தொட்டியை உள்ளே வைத்து, உடற்கூட்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்து டேப் ஒட்டியபோது, இருக்கைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் 1.3 மி.மீ. பிளந்து நின்றது. மூக்குப் பக்கம் பிளவு 0.6 மி.மீ. விரலால் அழுத்தினால் அது மூடிக்கொண்டது. பெரும்பாலான ரெசின் வேலைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். விரலுக்கு மூடுகிறதே என்று கிளாம்பு போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டும் பிடிக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ரெசின் கட்டி இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மிக்-21க்கு மூக்கில் வட்ட வளையம் ஒன்று தனிப் பாகமாக வந்து உட்காரும். உடற்கூடு அரை மில்லிமீட்டர் அகன்றாலும் அந்த வட்டம் பொருந்தாது. முன்கண்ணாடியின் கால்கள் இரண்டு பக்கமும் எட்டாது. பெயின்ட் அடித்து முடித்த பிறகு முதுகு இணைப்பு மயிரிழையாக விரியவும் கூடும்.

இந்த ஆய்வு முழுவதும் ஒரே விதியின் மேல் நடக்கிறது. வெளிவடிவம் அசையக்கூடாது. உடற்கூடு, கண்ணாடி, மூக்கு வளையம் மூன்றும் கிட்டில் எப்படி வந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். தேய்வது உள்ளே இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு தேய வேண்டும் என்பதும் முதல் வெட்டுக்கு முன்பே எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்டவை

கிட் 1/48 அளவு, இடது வலது எனப் பிரிந்த உடற்கூடு. சேர்க்க வேண்டிய ரெசின் பாகங்கள்: காக்பிட் தொட்டி, பின்தடுப்பு, கருவிப் பலகையும் அதன் மேல் மறைப்பும், கேஎம்-1 வகை இருக்கை, மூன்று துண்டாக வந்த ஆஃப்டர்பர்னர் குழாயும் நாசிலும் (எஞ்சினின் பின்பக்கக் குழாயும் அதன் வாயும்), மூன்று சக்கரங்கள். இவற்றோடு ஒரு ஃபோட்டோ எட்ச் தகடு (அரித்து வடித்த மெல்லிய உலோகப் பாகங்கள்), கடைந்த பித்தளைப் பிட்டோ குழாய் (மூக்கில் நீட்டிநிற்கும் வேகமானிக் குழாய்).

வாங்குமுன் வகையைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். மிக்-21 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. எஃப்-13, பிஎஃப் போன்ற முந்தைய வகைகளில் கானபி (விமானிக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) முன்பக்கக் கீலில் திறக்கும், இருக்கை எஸ்கே. பிஎஃப்எம் முதல் முன்கண்ணாடி நிலையாக நிற்க, கானபி வலப்பக்கம் சாய்ந்து திறக்கும், இருக்கை கேஎம்-1. எம்எஃப் வகைக்கு ஆர்-13-300 எஞ்சின், பிஸ் வகைக்கு ஆர்-25-300. நாசில் வாங்கும்போது எஞ்சின் பெயரையும் பார்த்து வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ரெசின் எந்தக் கிட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது. வேறொரு கிட்டுக்குச் செய்த தொட்டி வடிவத்தில் சரியாக இருந்தாலும், சுவர்த் தடிமனும் உள்தாங்கிகளும் மாறுவதால் வேலை இரட்டிப்பாகும்.

கழுவுதலும் வெட்டுதலும்

சிலிகோன் அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பூச்சு இடுவார்கள். அது ரெசின் மேல் தங்கினால் பிரைமர் (அடிப்பூச்சு) தோல் தோலாக உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து அலசி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். சின்னப் பாகங்களை, வார்க்கும்போது அவற்றோடு சேர்ந்து வரும் வார்ப்புக் கட்டையில் இருக்கும்போதே கழுவ வேண்டும். வெட்டியபின் கழுவினால் வடிகாலோடு போகும்.

வார்ப்புக் கட்டையை அறுக்க 0.2 மி.மீ. கனமுள்ள நுண்ரம்பம் பயன்பட்டது. பாகத்தை ஒட்டியே அறுக்கக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தைத் தேய்த்தே எடுக்க வேண்டும். ரெசின் பிளாஸ்டிக்கைப் போல வளையாது, கடைசி இழையில் சில்லாகப் பெயரும். அதனால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து நடுவில் சந்திக்கவிடுவது நல்லது. தேய்ப்பதற்குக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய 320 உப்புத்தாள், பிறகு 600. எப்போதும் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். பாலியூரித்தேன் தூள் மாவைவிட நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் தேய்த்தாலும் என்95 முகக்கவசம் கட்டாயம். மேசையில் படியும் சேற்றைக் காயவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும். காய்ந்தால் அது மறுபடி தூள்தான்.

கருவிப் பலகையின் மறைப்பு சற்றே முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. ஏறக்குறைய 70 டிகிரி சுடுநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, கையால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் வைத்ததும் நின்றுவிட்டது. கொதிநீர் தேவையில்லை. மெல்லிய பாகம் அதில் துவண்டு தன் சொந்த எடையிலேயே வேறு வடிவம் எடுக்கும்.

அகலக் கணக்கு

பிளவைப் பார்த்தவுடன் அரத்தை எடுக்காமல் காலிப்பரை (நுண்ணளவுக் கருவி) எடுத்ததுதான் இந்த வேலையில் சரியாக நடந்த முதல் காரியம். காக்பிட் இருக்கும் இடத்தில் உடற்கூட்டின் வெளியகலம் 25.8 மி.மீ. சுவர்த் தடிமன் பக்கத்துக்கு 1.4. ஆக உள்ளகலம் 23.0. ரெசின் தொட்டியின் வெளியகலம் பக்கப்பலகை (விமானியின் இருபுறமும் உள்ள பலகை) மட்டத்தில் 24.2. மிகை 1.2 மி.மீ. இதோடு பெயின்டுக்கும் ஒட்டுக்குமாகப் பக்கத்துக்கு 0.1 சேர்த்தால் மொத்தம் 1.4, அதாவது பக்கத்துக்கு 0.7 மி.மீ. குறைய வேண்டும்.

இந்த 0.7ஐ எங்கிருந்து எடுப்பது? தொட்டியின் சுவர் 1.0 மி.மீ. தான். முழுவதையும் அதிலிருந்து எடுத்தால் 0.3 ஆகிவிடும், பக்கப்பலகையின் வளைவுகளில் ஓட்டை விழும். முழுவதையும் உடற்கூட்டிலிருந்து எடுத்தால் அங்கே 0.7 நிற்கும். அது போதுமானதாகத் தோன்றும். ஆனால் வெளியே தகட்டுக் கோடுகள் 0.2 மி.மீ. ஆழத்துக்குப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டின் அடியில் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். உட்புறம் ஓரிடத்தில் சற்று ஆழமாகச் சுரண்டிவிட்டால் கோடு கண்ணாடிபோல் ஒளிவிடும், அழுத்தும்போது அந்தக் கோட்டிலேயே மடியும். எனவே உடற்கூட்டிலிருந்து 0.5, தொட்டியிலிருந்து 0.2 என்று பங்கிடப்பட்டது. உடற்கூடு 0.9ல் நிற்கும், தொட்டி 0.8ல் நிற்கும்.

உடற்கூட்டின் உட்புறத்தை மின்சுழல் கருவியால் குடையும் பழக்கம் பரவலாக உண்டு. ஆனால் பாலிஸ்டைரீன் வேகத்துக்கு உருகும். உருகியது சுழல் முனையில் சுற்றிக்கொண்டு பக்கத்தைக் கடிக்கும். இங்கே பயன்பட்டது வளைந்த முனையுள்ள அறுவைக் கத்தி, வெட்டுவதற்கு அல்ல, செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுவதற்கு. உட்புறம் முழுக்க மார்க்கர் மையால் கறுப்பாக்கிவிட்டு, மை மறையும்வரை சுரண்டினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. போகும். பத்துச் சுற்று. நேரம் எடுக்கும், ஆனால் சுவர் முழுக்கச் சீராகத் தேயும். ஒவ்வொரு மூன்று சுற்றுக்கும் காலிப்பரின் முனையால் ஐந்து இடங்களில் அளந்து பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் இடது பாதியில் ஓரிடம் தவறியது. சுவர் உள்ளே இயல்பாகவே குழிந்திருந்த ஓரிடத்தில் மற்ற இடங்களைப் போலவே சுரண்டியதால் தடிமன் 0.6க்குப் போய், வெளிக்கோடு வெளிச்சத்தில் தெரிந்தது. உட்புறம் 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப்பட்டது. சுவரின் தடிமன் கிட்டில் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணியதுதான் தவறு. சுரண்டும் முன்பே ஐந்து இடங்களிலும் அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கக் கார்பன் தாள் மிகவும் உதவும். உடற்கூட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே மை படியும் பக்கம் ரெசினைப் பார்க்கும்படி வைத்து, இரண்டு பாதிகளையும் ஒருமுறை அழுத்தித் திறந்தால், முட்டும் இடம் மட்டும் கறுப்பாகக் குறிபடும். பல் மருத்துவர் அடைத்த பல்லைச் சரிபார்ப்பதும் இதே முறைதான். அந்தக் கறுப்பை மட்டும் தேய்த்து மறுபடி அழுத்த வேண்டும். இங்கே ஆறு முறை. கடைசி முறை முதுகு இணைப்பு டேப் இல்லாமலே, வெறுமனே விரல் நுனியில் பிடித்தபோது மூடி நின்றது. அழுத்தாமல் மூட வேண்டும் என்பதே அளவுகோல்.

உயரம்: அதிகம் கவனிக்கப்படாத பக்கம்

அகலம் சரியானதும் வேலை முடிந்ததென்று ஒட்டிவிட்டால், இருக்கை வைக்கும் நாளில் கண்ணாடி மூடாது. மிக்-21ல் காக்பிட் தரைக்கு நேர் கீழே முன்சக்கரக் குழி. கிட்டின் தரை 1.0 மி.மீ. தான். ரெசின் தரை, கட்டையை அறுத்து மட்டமாக்கிய பிறகும் 2.4 மி.மீ. இதனால் தொட்டி உயர்ந்து, பக்கப்பலகைகள் விளிம்பைவிட 1.6 மி.மீ. மேலே நின்றன. தரையிலிருந்து 1.5 தேய்த்து 0.9க்குக் கொண்டுவந்து, சக்கரக் குழியின் கூரையில் ஒரு மேட்டை 0.1 சீவியதும் இறங்கி உட்கார்ந்தது.

தரையைத் தேய்க்கும்போது எங்கே நிறுத்துவது என்பதற்குக் காலிப்பரைவிட விளக்கு நல்ல வழிகாட்டி. தொட்டியை மேசை விளக்குக்கு நேரே பிடித்தால், வெளிர்நிற ரெசின் மெலியும் இடங்களில் மஞ்சளாக ஒளி கசியும். கசிவு எங்கு முதலில் தோன்றுகிறதோ அங்கே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, இருண்ட பகுதியை மட்டும் தொடர வேண்டும். பெயின்ட் அடித்தபின் இந்த வழி அடைபட்டுப்போகும். அதனால் உள்ளே ஒரு சொட்டு பெயின்ட் படுவதற்கு முன்பே உயரம் முடிந்திருக்க வேண்டும்.

தொட்டியோடு ஓரத்துப் பட்டைகளும் வார்த்து வருவதால், கிட்டின் ஓரத்தை வெட்டியெடுக்கச் சொல்லும் செட்டுகள் உண்டு. அந்த வெட்டைத் திரும்பப் பெற முடியாது. முதலில் தொட்டி அகலத்திலும் உயரத்திலும் உட்கார்ந்த பின், முன்கண்ணாடியையும் கானபியையும் டேப்பால் மூடிய நிலையில் வைத்துப் பார்த்து, ஓரம் எங்கே விழுகிறது என்று உடற்கூட்டில் கோடு இழுத்து, அதற்குப் பிறகே வெட்டினால் நல்லது. கானபியைத் திறந்தே காட்டப்போகிறோம் என்றாலும் மூடிப் பார்க்க வேண்டும். மூடாத கானபி திறந்து நிற்கும்போதும் அகலத்தில் பிசகியே தெரியும்.

இருக்கையை இந்த நிலையில் ஒட்டாமல் தொட்டியில் நிறுத்தி, தலைச்சாய்வின் மேல் சிறு மெழுகு உருண்டை வைத்து, கானபியை அழுத்தி எடுத்தால் உருண்டை நசுங்கி இடைவெளியைக் காட்டும். முதல் முயற்சியில் உருண்டை காகிதம்போல் நசுங்கியது. இருக்கையின் அடியிலிருந்து 0.7 மி.மீ. எடுத்தபின் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம் நின்றது. அடியைத் தேய்க்கும்போது இருக்கையின் பின்சாய்வு மாறாமல், உப்புத்தாள் ஒட்டிய கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் விமானி தோள் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கை கோணும்.

கருவிப் பலகையின் மறைப்பு முன்கண்ணாடியின் அடியில் நுழைய வேண்டியது. அது 0.6 மி.மீ. அகலமாக இருந்ததால் முன்கண்ணாடி 0.4 மி.மீ. மேலெழும்பி நின்றது. இரு ஓரங்களையும் அடிப்பக்கத்திலிருந்து சாய்வாகச் சீவியதும், மேலிருந்து பார்க்கும் வடிவம் மாறாமல் இறங்கியது. கண்ணுக்குத் தெரியும் முகத்தைத் தொடாமல், தெரியாத பக்கத்திலிருந்தே எடுப்பது இந்த வேலை முழுவதற்கும் பொருந்தும்.

ஒட்டு

பிளாஸ்டிக் மாடல்களுக்கான கரைப்பான் ஒட்டு ரெசினைப் பிடிக்காது. அது பாலிஸ்டைரீனை உருக்கி ஒன்றாக்கும் பொருள், ரெசின் அதில் உருகுவதில்லை. சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து இடும் ஒட்டு) தான் வழி. சின்னப் பாகங்களுக்குச் சூப்பர் க்ளூ, தொட்டிக்கு எபாக்சி. சூப்பர் க்ளூ பிடித்தபின் திருத்த முடியாது, திடீர் அதிர்ச்சியில் விட்டுவிடவும் செய்யும். தொட்டிக்கு அரை மணி நேரம் வேலை செய்யவிடும் எபாக்சியே ஏற்றது. ஐந்து நிமிட வகை, நாலு மூலையும் சரிபார்ப்பதற்குள் கெட்டியாகிவிடுகிறது. ஒட்டும் இடத்தில் ரெசின், பிளாஸ்டிக் இரண்டையும் 320 தாளால் சொரசொரப்பாக்க வேண்டும்.

பெயின்ட் அடித்து முடித்த தொட்டி வலது பாதியில் மட்டும் ஒட்டப்பட்டது. ஆனால் காயும்போது இரண்டு பாதிகளும் டேப்பால் சேர்த்தே இருந்தன. இடது பாதிக்கும் தொட்டிக்கும் நடுவே உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். இப்படிச் செய்தால் எபாக்சி இறுகும்போது தொட்டி நடுக்கோட்டிலேயே நிற்கும். ஒரு பாதியை மட்டும் மேசையில் கிடத்தி ஒட்டினால், தொட்டி தன் எடையில் அரைப் பாகை சாய்ந்துவிடும். பிறகு மற்றப் பாதி மூட மறுக்கும், காரணமும் புரியாது. மறுநாள் திறந்து, படலத்தை எடுத்து, இடது பாதியை எபாக்சியும் இணைப்புக் கோட்டில் கரைப்பான் ஒட்டும் கொண்டு மூடியாயிற்று. முதுகு இணைப்பின் உள்ளே 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் நாலு நாக்குகள் முன்பே ஒட்டப்பட்டிருந்தன. மெலிந்த சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் அவை காக்கும்.

ரெசினில் தெரிந்த காற்றுக் குமிழி ஓட்டைகளைச் சூப்பர் க்ளூவோடு டால்கம் பவுடர் குழைத்து அடைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கத் தேய்க்கப் பக்கம் பள்ளமாகும், பட்டி மட்டும் மேடாக நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் கண்ணாடியை உடனே ஒட்டக்கூடாது. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெள்ளைப் பனியாகப் படியும். காக்பிட்டைத் திறந்தபடி ஓரிரவு விட்டு, கண்ணாடியை வெள்ளைப் பிவிஏ ஒட்டால் ஒட்டுவது பாதுகாப்பு.

3டி அச்சில் வரும் ரெசின் பாகங்களுக்கு ஒரு வார்த்தை. வார்ப்புக் குமிழி அவற்றில் இருக்காது. ஆனால் ஒளியில் இறுகும் அந்த ரெசின் பெரும்பாலும் இன்னும் உடையக்கூடியது. தாங்கு குச்சிகளை இடுக்கியால் நறுக்கென்று வெட்டினால் பாகத்தோடு பெயர்ந்து வரும். நுண்ரம்பமே நல்லது. பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் சரியாக இறுகவில்லை என்று பொருள். பெயின்டுக்கு முன் வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ காட்ட வேண்டும்.

நாசில்

முன்பக்கம் ரெசின் பெரிதாக இருந்து தொந்தரவு கொடுத்தது என்றால், பின்பக்கம் சிறிதாக இருந்து கொடுத்தது. வார்ப்பு ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். சிலிகோன் அச்சும் பயன்படப் பயன்படச் சுருங்கும். குழாயின் வெளிவிட்டம் 18.2 மி.மீ., உடற்கூட்டின் வாய் 18.8. சுற்றிலும் 0.3 மி.மீ. இடைவெளி. அப்படியே செருகி ஒட்டினால் குழாய் கீழே சரிந்து, பின்னாலிருந்து பார்ப்பவருக்கு எஞ்சின் தொங்குவதுபோல் தெரியும். வட்டத்துக்குள் வட்டம் என்பதால் இந்தப் பிசகைக் கண் உடனே பிடித்துவிடும்.

0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் 3 மி.மீ. அகலப் பட்டைகள் மூன்று வெட்டி, குழாயின் வெளிப்புறத்தில் 120 பாகை இடைவெளியில் ஒட்டியதும் குழாய் நடுவில் நின்றது. மூன்று போதும். நாலு வைத்தால் ஒன்று எப்போதும் ஆடும். முன்முனையிலும் இதேபோல் மூன்று. குழாய் 32 மி.மீ. நீளம், பின்னால் மட்டும் நடுவாக்கினால் முன்முனை சாய்ந்து, உள்ளே இருக்கும், சுடரை நிலைநிறுத்தும் வளையம் ஒரு பக்கமாகத் தெரியும்.

வாயின் விளிம்பு கிட்டில் 1.2 மி.மீ. கனம். அசல் விமானத்தில் அங்கே வெறும் தகடு. உட்புறத்தைச் சாய்வாகச் சுரண்டி, கடைசி 4 மி.மீ. நீளத்தில் விளிம்பை 0.4க்குக் கொண்டுவந்தால் தோற்றம் ஒரேயடியாக மாறுகிறது. இது ரெசின் பாகமே தராத மேம்பாடு. நாசில் வாங்கிப் பொருத்துபவர்களில் பலர் இதை விட்டுவிடுவது வருத்தமானது, ஏனென்றால் தடித்த விளிம்புக்குள் எவ்வளவு நல்ல நாசில் வைத்தாலும் அது பொம்மையாகவே தெரியும்.

குழாயின் உட்புறத்தைத் துண்டுகளாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, சேர்த்தபின் இணைப்பை மட்டும் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். முழுக் குழாயும் உடற்கூட்டில் கடைசியாக, வெளிப்பெயின்ட் முடிந்தபின் பின்னாலிருந்து செருகப்படும். அதனால் அது தடையில்லாமல் போய் நிற்க உள்ளே ஒரு தடுப்பு வளையம் முன்பே ஒட்டப்பட்டது. உடற்கூட்டை மூடிய பிறகு அங்கே கை போகாது.

எடையும் சமநிலையும்

பின்னால் ரெசின் நாசில் வந்தால் மாடல் வாலில் உட்காரும் என்பது பொதுவான பயம். கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. பிரதான சக்கர அச்சைத் தராசின் நடுவாகக் கொள்வோம். ரெசின் நாசில் கிட்டின் பாகத்தைவிட 2 கிராம் அதிகம், அதன் நடு அச்சிலிருந்து 80 மி.மீ. பின்னால். திருப்பம் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) 160. ரெசின் காக்பிட் கிட்டினுடையதைவிட 3 கிராம் அதிகம், 85 மி.மீ. முன்னால். திருப்பம் 255. ஆக ரெசின் மொத்தத்தில் மூக்குக்கே சாதகம்.

ஆனால் தேய்க்கும் முன் காக்பிட் 9 கிராம் இருந்தது, தேய்த்து முடித்தபின் 6. சமநிலைச் சோதனையைத் தேய்ப்பதற்கு முன் செய்திருந்தால் 255 அலகு திருப்பம் பொய்யாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். எனவே எல்லாத் தேய்ப்பும் முடிந்தபின், எல்லாப் பாகங்களையும் டேப்பால் ஒட்டி, அச்சின் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த மாடலுக்கு மூக்கில் 9 கிராம் வைத்ததும் நூலிழையில் நின்றது. பெயின்ட், வால்பக்கப் பட்டி, ஆயுதத் தாங்கிகள் எல்லாம் சேரப்போவதால் 13 கிராமாக உயர்த்தப்பட்டது. 7 கிராம் மூக்குக் கூம்புக்குள், மிச்சம் 6 கூம்புக்கும் தொட்டியின் முன்தடுப்புக்கும் நடுவே.

ஈயக் குண்டுகளைப் பிவிஏ ஒட்டால் ஒருபோதும் ஒட்டக்கூடாது. அந்த ஒட்டில் உள்ள அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். அந்தத் தூள் அசல் ஈயத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும், ஓரிரு ஆண்டுகளில் மூக்கை உள்ளிருந்தே பிளக்கும். எபாக்சியில் பதித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

சக்கரங்கள்

எளிய பாகங்கள் என்று தோன்றும். ஆனால் மாடல் நிற்கும் நிலை முழுவதும் இவற்றின் கையில். அசலில் பிரதான டயர் 800 மி.மீ. விட்டம், முன்டயர் 500. 48ல் ஒரு பங்காக 16.7, 10.4 மி.மீ. வந்தவை 16.4, 10.3. சுருக்கம் காரணமாக வந்த இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். விடக்கூடாதது இரண்டு பிரதான டயர்களுக்கும் இடையிலான வேறுபாடு.

விமானத்தின் எடையில் நசுங்கிய தோற்றத்துக்காக ரெசின் டயரின் அடி தட்டையாக வார்க்கப்பட்டிருக்கும். வார்ப்புக் கட்டையும் அந்தத் தட்டையில்தான் ஒட்டியிருக்கும். அறுத்துத் தேய்க்கும்போது ஒரு டயரில் 0.3 மி.மீ. கூடுதலாகப் போனால் என்ன ஆகும்? சக்கரங்களுக்கு இடையே சுமார் 57 மி.மீ., இறக்கையின் முழு அகலம் 149 மி.மீ. ஒரு நுனி மற்றதைவிட ஏறக்குறைய 0.8 மி.மீ. தாழும். மிக்-21ன் மெல்லிய டெல்டா இறக்கையில் அது பளிச்சென்று தெரியும். அச்சுத் துளையின் நடுவிலிருந்து தட்டைவரை காலிப்பரால் அளந்து, இரண்டும் 0.05க்குள் சமமாகும்வரை ஒரே கண்ணாடியின் மேல் மாறி மாறித் தேய்ப்பதே வழி.

கிட்டின் அச்சு 1.8 மி.மீ., ரெசின் துளை 1.5. துளையைக் கை டிரில்லால் 1.6, 1.7, 1.8 எனப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். ஒரே அடியாக 1.8 போட்டால் ஊசி ஒரு பக்கம் இழுத்து, துளையின் மையம் மாறும். அச்சில் ஒட்டும்போது மாடலைத் தட்டையான கண்ணாடியில் நிறுத்தி, எபாக்சி ஈரமாக இருக்கையிலேயே டயர்களைச் சுழற்றித் தட்டைப் பகுதிகள் மூன்றும் கண்ணாடியில் படியும்படி விட வேண்டும். தட்டை முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் டயர் விமானத்தை ஓடுவதுபோலும் இல்லாமல் நிற்பதுபோலும் இல்லாமல் ஆக்கிவிடும். கிட்டின் பிளாஸ்டிக் கால்கள் இந்த எடையைத் தாங்குமா என்று பார்க்க, மாடல் கண்ணாடியில் இரண்டு நாள் நின்றது. முன்காலில் வளைவு தெரியவில்லை. தெரிந்திருந்தால் காலின் நடுவே துளைத்து 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி செருக வேண்டியிருக்கும்.

மிஞ்சியது பிட்டோ குழாய். பிஸ் வகையில் அது மூக்கின் மேல் நடுக்கோட்டில் இல்லை, வலப்பக்கம் விலகி நிற்கும். கிட்டின் பிளாஸ்டிக் குழாயை அடியோடு வெட்டி, 0.6 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் குழாய் செருகப்பட்டது. துளையை மூக்கு வளையம் ஒட்டிய பிறகு, ஆனால் கூம்பில் எடை வைக்கும் முன் இட வேண்டும். பின்னால் இட்டால் டிரில் எபாக்சியிலும் ஈயத்திலும் போய் முட்டும். குழாயை மட்டும் எல்லா வேலையும் முடிந்து, மாடல் காட்சிப் பெட்டிக்குப் போகும் நாளில் ஒட்டினால் போதும். அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைக்கையில் மாட்டி வளையும், வளைந்த பித்தளையை முழுக்க நேராக்க முடியாது.